நான்கு புள்ளிக் குறைவு: ஒரு மீத்திறன் விண்ணப்பத்தின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் சிறுமி என்னிடம் வந்தபோது அவளுக்கு எட்டு வயது நான்கு மாதம். மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்த பள்ளியை நிர்வகிக்கும் கல்வி மாவட்டம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் மீத்திறன் உடையவர்களை, அதாவது தம் வயதினரைவிட மிக உயர்ந்த சிந்தனைத் திறன் கொண்ட ‘கிஃப்டட்’ பிள்ளைகளைத் தேர்வு வைத்துக் கண்டறிந்து நான்காம் வகுப்பிலிருந்து தனி வகுப்பில் சேர்த்துவந்தது. அவளுடைய அண்ணன் மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல் முயற்சியிலேயே அந்த வகுப்பில் இடம் பெற்றவன். தங்கைக்கும் கிடைத்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்த வேளையில் மறுப்புக் கடிதம் வந்தது. இத்தகைய பிள்ளைகளை மதிப்பிடும் உளவியலாளர் என்ற முறையில் நான் இந்தக் குடும்பத்தோடு ஏழு மாதம் பழகினேன். அவர்களுடைய ஒப்புதலைப் பெற்று, அடையாளம் தரக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு எழுதுகிறேன். இதே பாதையில் நிற்கும் மற்ற பெற்றோருக்கு, அந்த ஏழு மாதங்களில் எந்தக் கேள்வி எந்தக் கதவைத் திறந்தது என்பது பயன்படக்கூடும்.

கடிதத்தில் இருந்தவை மூன்றே செய்திகள்: எழுதிய தேர்வின் பெயர், பிள்ளை பெற்றது 96 என்ற எண், இவ்வாண்டின் தகுதி வரம்பு 98 என்ற அறிவிப்பு. அதை என் மேசைமேல் விரித்துவைத்துவிட்டு அப்பா கேட்ட முதல் கேள்வி, "நூத்துக்குத் தொண்ணூத்தாறு வாங்கியும் சீட் இல்லையா மேடம்?" என்பதுதான். பரீட்சை மதிப்பெண்களோடு வளர்ந்த நம்மில் பலருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால் கடிதத்தில் இருந்தது மதிப்பெண் அன்று, நூற்றுமானம். அதே வயதுடைய நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் ஏறத்தாழ 96 பேர் இவளுக்குச் சமமாகவோ கீழாகவோ நிற்பார்கள் என்பதே அதன் பொருள். எத்தனை விடைகள் சரி என்பதை அது சொல்வதில்லை.

அவள் எழுதியது கோகாட் எனப்படும் குழுத் தேர்வு. சொல், எண், உருவம் என மூன்று பிரிவுகள் கொண்ட அத்தேர்வின் மதிப்பெண் அளவில் சராசரி 100, திட்டவிலக்கம் (பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 16. அந்த அளவில் 96ஆவது நூற்றுமானம் 128 புள்ளி, 98ஆவது நூற்றுமானம் 132 புள்ளி. இடைவெளி நான்கு புள்ளிதான். வரிசையின் நடுவில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் அங்கே 50ஆவது நூற்றுமானத்திலிருந்து 52ஆவதுக்குப் போக ஒரு புள்ளிகூடத் தேவையில்லை. மேல் விளிம்பில் ஆட்கள் குறைவு என்பதால் அதே இரண்டு படிக்கு நான்கு புள்ளி வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் ஒரு தாளில் மணிவடிவ வளைகோடாக வரைந்து காட்டியபோது அம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த நான்கு புள்ளி உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டார்.

அவர் கேட்ட கேள்விகளில் மிகச் சரியான கேள்வி அதுதான். எந்த நுண்ணறிவுத் தேர்வுக்கும் அளவீட்டுப் பிழை உண்டு. மிகவும் நம்பகமான தேர்வுகளில்கூட அந்தத் திட்டப்பிழை ஏறக்குறைய மூன்று புள்ளி வரும். இரு பக்கமும் அதன் இரண்டு மடங்கை விட்டுப் பார்ப்பது வழக்கம். அதாவது 128 என்ற எண்ணுக்குப் பின்னால், குழந்தையின் உண்மையான நிலை 122க்கும் 134க்கும் இடையில் எங்கோ இருக்க வாய்ப்பு அதிகம் என்ற செய்தி மறைந்திருக்கிறது. தகுதி வரம்பான 132 அந்த இடைவெளிக்கு உள்ளேயே விழுகிறது. வரம்பை எட்டவில்லை என்று மாவட்டம் சொன்னது நிர்வாக அளவில் உண்மை. இவள் மீத்திறன் உடையவள் அல்லள் என்ற முடிவுக்கு அந்த எண்ணை வைத்து யாரும் வர முடியாது.

வரம்பு என்பதே இடங்களின் எண்ணிக்கையையும் நிர்வாகத்தின் வசதியையும் பொறுத்து மாறுவது. நியூயார்க் நகரில் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்த காலத்தில், 90ஆவது நூற்றுமானம் பெற்றவர்கள் அந்தந்தப் பகுதியின் மீத்திறன் வகுப்புகளுக்கும் 97ஆவது நூற்றுமானம் பெற்றவர்கள் நகர அளவிலான பள்ளிகளுக்கும் விண்ணப்பிக்கத் தகுதி பெற்றார்கள். தகுதி பெற்ற பலருக்கு இடம் கிடைக்கவில்லை. 2021இல் அந்தத் தேர்வையே நகரம் கைவிட்டு, ஆசிரியர்களின் பரிந்துரைக்கும் குலுக்கல் முறைக்கும் மாறியது. ஒரே குழந்தை ஓர் ஊரில் தகுதியுடையவள், அடுத்த ஊரில் தகுதியற்றவள், அடுத்த ஆண்டில் தேர்வே இல்லாதவள். நம் வீடுகளில் கட்-ஆஃப் என்ற சொல்லுக்கு இருக்கும் அதிகாரத்தை நினைத்துப் பார்த்தால், இதைப் பெற்றோருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதில் வியப்பில்லை.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். முதல் சந்திப்பின் ஒன்றரை மணி நேரமும் புள்ளியியல் விளக்கத்திலேயே கழிந்தது. குழந்தையின் நோட்டுப் புத்தகம் ஒன்றைக்கூட நான் பார்க்கக் கேட்கவில்லை; தேர்வு நாளில் என்ன நடந்தது என்று அவளிடம் யாராவது கேட்டார்களா என்றும் விசாரிக்கவில்லை. பெற்றோர் எண்ணோடு வந்தார்கள், நானும் எண்ணோடு உட்கார்ந்துவிட்டேன். புறப்படும்போது ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லி அனுப்பினேன்: மூன்று வரிக் கடிதத்தோடு நிற்காமல், பள்ளி அலுவலகத்தில் முழு மதிப்பெண் அறிக்கையை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

முழு அறிக்கை பத்து நாளில் வந்தது. சொல் பிரிவில் 116, எண் பிரிவில் 129, உருவப் பிரிவில் 130. வீட்டில் தமிழும் பள்ளியில் வேறு மொழியும் பேசும் பிள்ளைகளுக்குச் சொல் பிரிவு தாழ்ந்து நிற்பது வழக்கம் என்பதால் என் கண் முதலில் அங்கேதான் போனது. ஆனால் அதற்கும் மேலாக ஒன்று அந்த அறிக்கையில் இருந்தது. ஒவ்வொரு பகுதியிலும் மொத்த வினாக்கள் எத்தனை, குழந்தை விடையளிக்க முயன்றவை எத்தனை, சரியானவை எத்தனை என்று கோகாட் அறிக்கை பிரித்துக் காட்டும். பெரும்பாலான பெற்றோர் அந்தச் சிறிய கட்டங்களைப் பார்ப்பதே இல்லை. எண் பிரிவின் ஒரு பகுதியில் அவள் 13 வினாக்களுக்கு விடையளித்திருந்தாள். அவற்றில் 12 சரி. கடைசி ஐந்து வினாக்கள் காலி. ஏறக்குறைய எல்லாப் பகுதிகளிலும் இதே கோலம்: தொட்டதெல்லாம் சரி, கடைசி வினாக்கள் தொடப்படவே இல்லை.

இரண்டாவது சந்திப்புக்குக் குழந்தையையும் அழைத்து வரச் சொன்னேன். அவளிடம் விடைத்தாள் போன்ற ஒரு தாளைக் கொடுத்து, எளிய கணக்குகள் சிலவற்றுக்கு வட்டத்தை நிரப்பிக் காட்டும்படி கேட்டேன். பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டாள். முதலில் வட்டத்தின் உள்விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோட்டைச் சுற்றி வரைந்தாள்; பிறகு அதன் உட்புறத்தை இடமிருந்து வலமாக, நெசவு போல, சிறு சிறு கோடுகளால் நிரப்பினாள்; கடைசியாகத் தாளைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து, வெள்ளை ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தாள். விடையைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று நொடி ஆனது. வட்டத்தை நிரப்ப இருபது நொடிக்கு மேல் ஆனது. ஏன்மா இவ்வளவு நிதானமாகச் செய்கிறாய் என்று கேட்டேன். "கோட்டுக்கு வெளியே போனா மெஷின் படிக்காதுன்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள்.

இரண்டாம் வகுப்பு வரைக்குமான கோகாட் தாள்களில் ஆசிரியர் ஒவ்வொரு வினாவாக வாய்மொழியாகச் சொல்லி, பிள்ளைகள் முடித்த பிறகே அடுத்ததற்குப் போவார். மூன்றாம் வகுப்புத் தாளிலிருந்து பிள்ளைகள் தாமே படித்து எழுத வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம். அண்ணன் எழுதிய ஆண்டில் அந்த மாவட்டம் தேர்வை இரண்டாம் வகுப்பிலேயே வைத்திருந்தது. பிறகுதான் மூன்றாம் வகுப்புக்கு மாற்றியது. ஆக, ஒரே பெயருடைய தேர்வை எழுதினாலும் அண்ணனும் தங்கையும் ஒரே சோதனையைச் சந்திக்கவில்லை. அவனுக்குக் கடிகாரம் இல்லை, அவளுக்கு இருந்தது. அண்ணனுக்குக் கிடைத்தது தங்கைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அந்த வீட்டில் இரண்டு வாரமாக ஓடிக்கொண்டிருந்த ஒப்பீட்டை நிறுத்தியது என் சமாதானம் எதுவும் இல்லை, இந்த ஒரு விவரம்தான். தங்கையிடம் அவன் "நான் கிஃப்டட், நீ இல்ல" என்று சொல்லியிருக்கிறான் என்பதும் அன்றுதான் தெரிய வந்தது. அப்பா அதைச் சொல்லும்போது அவருடைய குரல் தழைந்துவிட்டது.

அத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. நேரம் முடியும் தறுவாயில் மீதி வட்டங்களை ஊகமாக நிரப்பிவிடலாம் என்பது தேர்வுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டியது. அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. இத்தனைக்கும், கடிதம் வருவதற்கு முன்பே அவள் எட்டு வாரம் ஒரு சனிக்கிழமைப் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தாள். அங்கே வினா வகைகளைக் கட்டுக் கட்டாகப் போட வைத்திருக்கிறார்கள். நேரத்தை எப்படிக் கையாள்வது என்று பேசவே இல்லை.

பயிற்சி வகுப்பைப் பற்றி என் கருத்தைப் பெற்றோர் எல்லோரும் கேட்கிறார்கள் என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். வினா எப்படி இருக்கும், விடையை எங்கே குறிக்க வேண்டும், கடிகாரம் எப்படி ஓடும் என்று ஒரு மாதிரித் தாளைக் காட்டிப் பழக்குவது நியாயமானது. முதன்முறையாகப் பார்க்கும் பிள்ளைக்கும் ஏற்கெனவே பார்த்த பிள்ளைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அது குறைக்கிறது. நூற்றுக்கணக்கான உருவப் புதிர்களைப் போட வைத்து விடைகாணும் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைப்பது வேறு. புதிதாக ஒன்றைப் பார்த்ததும் அதன் ஒழுங்கைக் கண்டுகொள்ளும் திறனை அளக்கவே அந்த வினா வைக்கப்பட்டிருக்கிறது; அது பழகிப்போன பிறகு வினா நினைவாற்றலைத்தான் அளக்கும். அப்படிக் கிடைத்த இடத்தில் தன்னைவிட வேகமான வகுப்பின் நடுவே திணறிக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தில் இருந்த எண்ணைத் தவிர வேறெதையும் அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

மேல்முறையீட்டுக்கு மாவட்டம் தந்திருந்த அவகாசம், கடிதத் தேதியிலிருந்து முப்பது பள்ளி நாள். அதற்குள் தனிநபர் தேர்வு ஒன்றின் அறிக்கையை இணைக்கலாம் என்று விதி இருந்தது. தனியார் உளவியலாளரின் அறிக்கையைச் சில மாவட்டங்கள் ஏற்கும், சில ஏற்கா, சில தாங்கள் பட்டியலிட்ட தேர்வுகளை மட்டும் ஏற்கும். ஆகவே பணத்தையும் குழந்தையின் ஒரு முழுக் காலைப் பொழுதையும் செலவிடும் முன், எந்தத் தேர்வு, யார் நடத்தலாம், எந்த மதிப்பெண்ணைப் பார்ப்பீர்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறச் சொன்னேன். அம்மா அதைச் செய்தார்; கூடவே மாவட்டத்தின் விதித்தொகுப்பையே தரவிறக்கிப் படித்தார். அதன் இருபதாவது பக்கத்துக்கு மேல் எங்கோ, திறன்களுக்கிடையே பெரிய இடைவெளி உள்ள பிள்ளைகளுக்கு மொத்த மதிப்பெண்ணுக்குப் பதிலாக, நினைவாற்றலையும் வேகத்தையும் சேர்க்காமல் கணக்கிடும் பொதுத்திறன் குறியீட்டைக் கருத்தில் கொள்ளலாம் என்ற ஒரு வாக்கியம் இருந்தது. அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவருக்கே அந்த வாக்கியம் தெரிந்திருக்கவில்லை.

நான் நடத்தியது வெக்ஸ்லர் சிறுவர் நுண்ணறிவு அளவுகோலின் ஐந்தாம் பதிப்பு. 2014இல் வெளிவந்தது, ஆறு முதல் பதினாறு வயது வரையுள்ளவர்களுக்கானது, பேச்சு வழக்கில் விஸ்க். குழந்தையோடு எதிரெதிரே உட்கார்ந்து நடத்தும் தேர்வு இது. முதன்மையான பத்து உட்தேர்வுகளை முடிக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். சொற்புரிதல், இடம்சார் நோக்கு, புதிய சிக்கல்களில் ஒழுங்கு காணும் திறன், செயல் நினைவாற்றல், செயலாக்க வேகம் என ஐந்து குறியீடுகள் கிடைக்கும். சராசரி இதிலும் 100தான், திட்டவிலக்கம் 15.

தேர்வன்று காலையில் அவள் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள், சாப்பிட்டிருந்தாள், தேர்வு என்ற சொல்லை அன்று யாரும் பயன்படுத்தவில்லை. இரண்டு சொற்கள் எந்த வகையில் ஒத்தவை என்று கேட்கும் பகுதிக்கு அவளைப் பழக்க, தேர்வில் இல்லாத ஓர் எடுத்துக்காட்டை நானே சொன்னேன்: ஏணியும் பாலமும் எப்படி ஒன்று? கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டும் இல்லாத தரையை உண்டாக்குது" என்றாள். தமிழில் சொன்னாள். தேர்வு மொழியில் அதே விடையைச் சொல்லச் சொன்னபோது, இரண்டின் மேலும் நடக்கலாம் என்ற சுருக்கமான, சாதாரணமான விடைதான் வந்தது. சொல் பிரிவின் 116க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது எனக்கு அந்த அரை நிமிடத்தில் விளங்கியது.

முடிவுகள் இவை. ஒழுங்கு காணும் திறனில் 137. ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ ஏழு பேர் மட்டுமே எட்டும் இடம். செயலாக்க வேகத்தில் 92; அதாவது 30ஆவது நூற்றுமானம், சராசரி எல்லைக்குள்தான், ஆனால் மற்றதோடு ஒப்பிட்டால் 45 புள்ளிப் பள்ளம். ஏழு உட்தேர்வுகளைக் கூட்டி வரும் மொத்த மதிப்பெண் 125. நினைவாற்றலையும் வேகத்தையும் விலக்கி ஐந்து உட்தேர்வுகளிலிருந்து கணக்கிடும் பொதுத்திறன் குறியீடு 132. இந்த அளவில் அது 98ஆவது நூற்றுமானம்.

மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு உயர்ந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது வசதியான வழியல்லவா என்று அப்பா நேர்மையாகவே கேட்டார். உள்ளதைச் சொன்னேன். குறியீடுகளுக்கிடையே இத்தனை பெரிய வேறுபாடு இருக்கும்போது அவற்றின் கூட்டு எண் எந்தத் திறனையும் ஒழுங்காகக் காட்டுவதில்லை. ஆழமான தண்ணீரையும் கணுக்கால் தண்ணீரையும் கூட்டிச் சராசரி ஆழம் சொல்வது போன்றது அது. மீத்திறப் பிள்ளைகளுக்கான அமெரிக்கத் தேசியச் சங்கமும் 2018இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையில், மொத்த மதிப்பெண் ஒன்றையே கட்டாயமாக்காமல் பொதுத்திறன் குறியீடு போன்றவற்றையும் ஏற்கும்படி பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் 132ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 92ஐ மறந்துவிடக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொன்னேன். மெதுவாக எழுதும் பிள்ளை நாளைக்கு மீத்திறன் வகுப்பிலும் மெதுவாகத்தான் எழுதுவாள். கண் பரிசோதனை செய்தோம், குறையில்லை. கை எழுத்தியக்கத்தையும் ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) பார்த்தார். பென்சில் பிடிப்பில் சிறு இறுக்கம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிழை வந்துவிடுமோ என்ற பயம்தான் பெரும்பங்கு என்று எனக்குத் தோன்றியது. அதற்கு எண் இல்லை.

1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் நுண்ணறிவு அளவுகோலை உருவாக்கியபோது, பொதுவான வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனி உதவி தேவை என்று கண்டறிவதே நோக்கமாக இருந்தது. இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி அது. இந்தப் பிள்ளை யார் என்ற கேள்வியாக அது பின்னால் மாறிவிட்டது. இந்தக் குடும்பத்தின் ஏழு மாதமும் ஒருவகையில் இரண்டாவது கேள்வியிலிருந்து முதல் கேள்விக்குத் திரும்பிய பயணம்தான்.

அந்தத் திருப்பம் விண்ணப்பத்தின் பெற்றோர் கூற்றை எழுதும்போது நிகழ்ந்தது. மேல்முறையீட்டுக் கோப்பில் ஆசிரியரின் மதிப்பீட்டுப் படிவம் ஒன்றும் பெற்றோர் எழுதும் ஒரு பக்கக் கூற்றும் இருக்க வேண்டும். ஆசிரியரின் படிவம் அவ்வளவு சாதகமாக இல்லை: வகுப்பில் அடிக்கடி கேள்வி கேட்கிறாளா, முன்வந்து பதில் சொல்கிறாளா, வேலையை விரைவாக முடிக்கிறாளா என்ற வரிகளில் நடுத்தர மதிப்பீடே இருந்தது. ஆசிரியர் பொய் சொல்லவில்லை. அந்தக் கட்டங்கள் பேசும் பிள்ளைகளுக்காக அமைந்தவை. பரிந்துரையை நம்பியிருக்கும் முறையில் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பதற்கு நல்ல சான்று உண்டு. டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற பொருளியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஃபுளோரிடாவின் ஒரு பெரிய கல்வி மாவட்டத்தைப் பற்றியது. அந்த மாவட்டம் 2005இல், ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்தவர்களை மட்டும் சோதிப்பதை விட்டு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதல்நிலைத் தேர்வு வைத்தது. தகுதி விதியை மாற்றாமலேயே, ஏழைக் குடும்பங்களிலிருந்தும் சிறுபான்மைச் சமூகங்களிலிருந்தும் மீத்திறன் உடையவர்களாகக் கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்பும் அதே வகுப்புகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேரைச் சொல்லவில்லை. பிறகு நிதிச் சிக்கலில் அந்த ஏற்பாடு நின்றபோது எண்ணிக்கையும் பழையபடி சரிந்தது. விதித்தொகுப்பைத் தேடிப் படிக்க ஓர் அம்மாவுக்கு நேரமும் மொழியும் இருந்ததால் மட்டுமே இந்தச் சிறுமிக்கு வழி திறந்தது என்பதை நினைக்கும்போது, அப்படி இல்லாத வீடுகளின் பிள்ளைகளை எண்ணி எனக்கு ஆற்றாமை வருகிறது.

பெற்றோர் கூற்றின் முதல் வரைவை அப்பா எழுதியிருந்தார். எங்கள் மகள் மிகவும் புத்திசாலி, எதையும் உடனே கிரகித்துக்கொள்வாள், இரண்டு வயதிலேயே எழுத்துகளை அடையாளம் கண்டாள் என்று அடைமொழிகள் அடுக்கப்பட்டிருந்தன. தேர்வுக் குழுவினர் ஒரு பருவத்தில் இத்தகைய கடிதங்களை நூற்றுக்கணக்கில் படிக்கிறார்கள். நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை, யாரும் கேட்காமல் அவளாகச் செய்த ஒன்றை எழுதுங்கள் என்றேன். இருவரும் ஒரு வாரம் யோசித்தார்கள். பிறகு அம்மா இதை எழுதிக் கொண்டுவந்தார்.

ஒரு நாள் மாலை மகள் ஒரு நீளத் தாளை பாதியாக மடித்துப் பிரித்தாள். ஒரு மடிப்புக் கோடு. அதே திசையில் இரண்டு முறை மடித்துப் பிரித்தாள், மூன்று கோடுகள். மூன்று முறை மடித்ததும் ஏழு. நான்காவது முறைக்குத் தாள் தடித்துப்போய் மடிக்க வரவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு, பதினைந்து வரும் என்றாள். எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டதற்கு, ஏற்கெனவே இருக்கும் கட்டம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புதுக் கோடு விழும், கட்டம் எப்போதும் கோட்டைவிட ஒன்று கூட இருக்கும், அதனால் இரண்டு மடங்கோடு ஒன்று என்றாள். மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்து, பத்துத் தடவை மடித்தால் ஆயிரத்து இருபத்து மூன்று கோடு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பக்கத்தில் புத்திசாலி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கடைசி வரியில் மட்டும், வகுப்பில் இப்போது அவள் பெருக்கல் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று இருந்தது. இவளுக்கு என்ன வேண்டும் என்பது அதைப் படித்தபோது எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது என்று நினைக்கிறேன்.

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. கதை அங்கே முடிந்திருந்தால் இதை எழுதும் அவசியம் எனக்கு இருந்திருக்காது. இடம் கிடைத்த பிறகு அந்த வகுப்பை ஒரு நாள் முழுதும் உட்கார்ந்து பார்த்துவர அனுமதி கேளுங்கள் என்றேன், போனார்கள். நல்ல வகுப்பு, நல்ல ஆசிரியர். ஆனால் அதன் நடை வேகத்தை அடிப்படையாகக் கொண்டது: காலையில் நேரக் கணக்கோடு மனக்கணக்கு, ஒவ்வொரு பாடத்துக்கும் நீண்ட எழுத்துவேலை, வாரந்தோறும் அடுத்த தலைப்பு. கணக்கில் அவளுக்குத் தேவையான ஆழம் அங்கே இருந்தது. எழுத்துவேலையில் அவளுக்குச் சுமையாகப் போகும் அளவும் அங்கேயே இருந்தது. அண்ணனுக்குப் பொருந்திய வகுப்பு தங்கைக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வீட்டில் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. இவ்வளவு போராடிப் பெற்ற இடத்தை விடுவதா என்று அப்பாவும், யாருக்காகப் போராடினோம் என்று அம்மாவும். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. குழந்தையைக் கேட்டபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அங்கே வேகமாக எழுத வேண்டுமா?

கடைசியில் பள்ளியோடு பேசி எட்டிய ஏற்பாடு இது. அவள் தன் வகுப்பிலேயே இருப்பாள். கணக்குக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் மேல் வகுப்புக்குப் போவாள். ஒரு பாடத்தில் மட்டும் முன்னேற்றும் இந்த முறை புதிதன்று. ஐயோவா பல்கலைக்கழகத்திலிருந்து 2004இலும் 2015இலும் வந்த இரு விரிவான அறிக்கைகள், இத்தகைய முன்னேற்றம் பிள்ளைகளின் கற்றலுக்கு உதவுகிறது, பலரும் அஞ்சுவது போல் அவர்களுடைய மனநலனையோ நட்பையோ பொதுவாகக் கெடுப்பதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கின்றன. செலவும் அதிகமில்லை, இரண்டு வகுப்புகளின் கால அட்டவணை ஒத்துவந்தால் போதும். இருந்தும் பள்ளிகள் தாமாக இதை முன்வைப்பது அரிது, பெற்றோரும் கேட்பது அரிது. தனி வகுப்பில் இடம் உண்டா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வி மற்ற வழிகளையெல்லாம் மறைத்துவிடுகிறது. மீத்திறன் வகுப்பின் இடத்தை அடுத்த ஆண்டு வரை நிறுத்திவைக்க மாவட்டம் ஒப்புக்கொண்டது. நேரக் கட்டுப்பாடுள்ள தேர்வுகளில் அவளுக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்ற பரிந்துரையும் பள்ளிப் பதிவேட்டில் ஏறியது.

மதிப்பெண்ணைக் குழந்தையிடம் சொல்வதா என்பது பெற்றோர் என்னிடம் கொண்டுவந்த கடைசிக் கேள்வி. கடிதம் வந்த நாளில் பெரியவர்களின் முகத்தைப் பார்த்தே "நான் ஃபெயிலா?" என்று கேட்டவள் அவள், ஒன்றும் சொல்லாமல் விட்டால் அந்தக் கேள்வி அப்படியே நின்றுவிடும். எண்ணைச் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். உனக்குப் புதிர்களின் ஒழுங்கு சட்டென்று தெரிகிறது. எழுதுவதற்கு உனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்தை இனிமேல் தரச் சொல்லியிருக்கிறோம் என்று அம்மா அவளிடம் சொன்னார். அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்தே சொன்னார். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், இரண்டாம் வகுப்பில் தான் எழுதிய தேர்வுக்கு நேரமே வைக்கவில்லை என்பது உண்மையா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறான்.

ஏழாவது மாதத்தில் பின்தொடர் சந்திப்புக்கு வந்தபோது அவள் மேல் வகுப்புக் கணக்கில் ஒன்றரை மாதம் முடித்திருந்தாள். முதல் இரண்டு வாரம் வாசலில் தயங்கி நின்றதாகவும், பிறகு தானாகப் போகத் தொடங்கியதாகவும் ஆசிரியர் எழுதி அனுப்பியிருந்தார். வேகம் மாறவில்லை; மாற வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. பழைய விடைத்தாளைப் போன்ற ஒன்றை மறுபடி கொடுத்தேன். பென்சிலைச் சீவினாள், முதல் வட்டத்தின் உள்விளிம்பை ஒட்டி மெல்லிய கோட்டைச் சுற்றி வரைந்தாள், பிறகு தலையை நிமிர்த்தி, "இதுக்கு டைம் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டு, நிதானமாக நிரப்பத் தொடங்கினாள்.